எவ்விரண்டுக்கு இடையில்?

விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழுவினர் எழுதியபொழுது, பழைய மாணவர் பலரும் எழுதும் பொருள்களே எமது நினைவிலும் முதலில் எழுந்தன. விடுதியின் மணியோசை, வெள்ளிக்கிழமைப் பிரார்த்தனை, இல்லப் போட்டி, அதிபர் அவர்களின் பிரம்பு ஆகியவற்றை எம்மினும் நன்றாக எழுத வல்லார் பலர் உளர். அவற்றை அவர்களுக்கே விட்டு, நாம் மோட்டார் சைக்கிள் ரயர்களைப் பற்றி எழுதத் துணிந்தோம். கல்லூரி மலருக்கும் ரயருக்கும் என்ன உறவு என்று வாசகர் நகைத்தல் கூடும். உறவு உண்டு. அது எமது பௌதிகவியல் ஆசிரியர் வழியாக வந்தது.

உராய்வு பற்றிய செய்முறைப் பாடத்தை இம்மலரை வாசிக்கும் விஞ்ஞான மாணவர் அனைவரும் அறிவர். பலகையொன்றின்மேல் மரக்கட்டையை வைத்து, நூல் கட்டி, கப்பியின் மேலாகத் தட்டைத் தொங்கவிட்டு, படியொன்றன்பின் ஒன்றாக இட்டுக் கட்டை எப்பொழுது நகர்கிறதெனப் பார்த்தல். கணித்து முடித்து, 'மரத்தின் உராய்வுக் குணகம் 0.4' என்று எழுதிக் கொடுத்தோம். கொப்பி திரும்பி வந்தபொழுது அவ்வரியின் குறுக்கே சிவப்பு மையினால் ஒரு கோடும், ஓரத்தில் 'எவ்விரண்டுக்கு இடையில்?' என்ற வினாவும் இருந்தன. அரைப் புள்ளியும் போயிற்று. 'மரத்துக்கென்று தனியே உராய்வு கிடையாது. இரண்டு பொருள்கள் சந்திக்கும் இடத்திலேதான் அது உண்டாகிறது. மற்றதைச் சொல்லாதவன் ஒன்றுமே சொல்லாதவன்' என்றார் ஆசிரியர். அரைப் புள்ளிக்கு இத்தனை கண்டிப்பா என்று அன்று மனம் புழுங்கினோம். அந்த அரைப் புள்ளியின் உண்மையான விலையை நாம் அறிந்துகொள்ள முப்பதாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

1994ஆம் ஆண்டில் நாம் ஊவா மாகாணத்தில் ஆசிரியப் பணியேற்றோம். பின்னர் கணித பாடத்துக்கு ஆலோசகராகத் தோட்டப் பாடசாலைகளுக்குச் சென்றுவரும் கடமை எமக்குக் கிடைத்தது. பனை நிழலில், முழ நீளமும் ஏற்றமில்லாத வீதிகளில் சைக்கிள் மிதித்து வளர்ந்தவருக்கு ஊவா ஒரு புதிய பாடமாகும். புகையிரதப் பாதை 1924இல் வந்து முடிவுற்ற பதுளை நகர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில் ஒரு பள்ளத்தாக்கிலே கிடக்கிறது. அருகில் நமுனுகுல மலையோ 2,000 மீற்றருக்கும் மேலாக எழுந்து நிற்கிறது. இவ்விரண்டுக்கும் இடையிலும் பசறை, லுணுகலை, மடுல்சீமைப் பக்கங்களிலும் நாம் செல்லவேண்டிய பாடசாலைகள் சிதறிக் கிடந்தன.

பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் பெருவீதி தாரிட்டது. அது பேராதனையில் தொடங்கிப் பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடி வரை செல்லும் நெடுவீதியின் ஒரு பகுதி. ஆனால் தோட்டத்தின் பெயர்ப்பலகையைக் கண்டு திரும்பியதும் வீதியின் குணம் மாறிவிடும். சிறிது தூரம் உடைந்த தார், பின்பு வெள்ளைக்காரத் துரைமார் காலத்தில் பாவிய கருங்கல், அப்பால் கிறவல், அதற்கும் அப்பால், லயங்களைக் கடந்து பாடசாலைக்கு ஏறும் இடத்தில், வெறும் செம்மண். ஒரு பக்கம் மலைச்சுவர், மறுபக்கம் தேயிலைச் சரிவு. கொழுந்தைத் தொழிற்சாலைக்குக் கொண்டுபோக வெட்டிய பாதைகள் அவை. அவற்றின் வழியேதான் பிள்ளைகளும் பள்ளிக்கு நடந்தனர். நோயாளரும் கொழுந்து லொறியில் நகருக்கு வந்தனர்.

எமது முதல் வீழ்ச்சி 2009ஆம் ஆண்டு ஆவணியில் நிகழ்ந்தது. யாழ்ப்பாணத்தில் சோளகம் வீசும் அம்மாதங்களில், மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காற்று ஊவாவில் உலர்ந்து வீசும். கச்சான் என்று அதனைச் சொல்வர். உலகெங்கும் விலைபோகும் ஊவாத் தேயிலையின் தனி மணம் அவ்வுலர்காற்றுக் காலத்துக் கொழுந்திலேதான் அமைகிறது. தேயிலைக்கு நன்மை செய்யும் காற்று கிறவல் பாதைக்கு அதனைச் செய்வதில்லை. மண் இறுகிக் கல்லாகும். அதன்மேல் சிறு கற்கள் பிடிப்பிழந்து உருளும். எமது வண்டியில் இருந்தவை தார் வீதிக்கென்று செய்யப்பட்ட, பாதி தேய்ந்த ரயர்கள். இறக்கத்தில் ஒரு வளைவிலே முன்சக்கரம் எம்மைக் கேளாமலே தன் வழியே சென்றது. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் முன்னிலையில் நாம் நிலத்தில் அமர்ந்தோம். முழங்காலில் தோலும் மனத்தில் பெருமையும் சிறிது உரிந்தன. வேறு சேதமில்லை.

இனி வீழ்வதில்லை என்று உறுதி பூண்டு பதுளையில் ஒரு ரயர்க் கடைக்குச் சென்றோம். அங்கே கட்டை கட்டையாக ரப்பர் எழுந்து நிற்கும் முரட்டு ரயர் ஒரு சோடி தொங்கிற்று. கண்டதும் கண் அதிலேயே நின்றது. ரயர் மாற்றும் தொழிலாளி வயதில் இளையவர், தொழிலில் மூத்தவர். 'மாஸ்டர், கிறவலுக்கும் சேத்துக்கும் இது நல்லாப் புடிக்குமுங்க. மழையில தாரு ரோட்டுல மட்டும் பாத்துப் போங்க' என்றார். அவர் சொன்ன இரண்டு வாக்கியங்களில் முதலாவதை மாத்திரம் வாங்கிக்கொண்டு, இரண்டாவதைக் கடையிலேயே விட்டு வந்தோம்.

அந்த ரயர்கள் தோட்டப் பாதையில் செய்த நன்மையை மறைத்தல் ஆகாது. கட்டைகள் உருளும் கற்களை விலக்கி அடியிலுள்ள உறுதியான மண்ணைப் பற்றின. அவற்றின் இடைவெளிகள் சேற்றை வாங்கி, சுழலும் வேகத்தில் வெளியே எறிந்தன. ஆட்டுக் குளம்புபோல வண்டி ஏறிற்று. தார் வீதியில் மாத்திரம் ஓர் இரைச்சலும், வளைவுகளில் சக்கரத்தின் அடியிலே ஏதோ நெளிவது போன்ற உணர்வும் இருந்தன. பழகிவிடும் என்று எண்ணினோம், பழகியும் விட்டோம். ஆபத்துக்குப் பழகிவிடுதலே ஆபத்தின் பெரும்பகுதி என்பது அப்பொழுது தெரியவில்லை.

2011 கார்த்திகை. ஊவாவுக்கு மழை தரும் வடகீழ்ப் பருவம் தொடங்கியிருந்தது. மடுல்சீமைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கணிதம் கற்பித்த இளம் ஆசிரியர் ஒருவரை, பதுளையில் நிகழ்ந்த கருத்தரங்கு முடிந்து திரும்பும்பொழுது எமது வண்டியின் பின்னே ஏற்றிக்கொண்டோம். அவர் தோட்டத்து லயத்திலே பிறந்து, அத்தோட்டப் பாடசாலையிலேயே பயின்று, பல்கலைக்கழகம் சென்று மீண்டவர். அவ்வாண்டு மார்கழியில் சாதாரண தரப் பரீட்சைக்குத் தோற்றவிருந்த பதினொரு பிள்ளைகளுக்கு மாலையிலும் வகுப்பு நடத்திவந்தார். அப்பாடசாலையில் கணிதத்துக்கு அவரன்றி வேறு ஒருவர் இல்லை. பேருந்தில் சென்றால் அன்றைய மாலை வகுப்புத் தவறிவிடும் என்பதனாலேயே எம்முடன் வந்தார்.

பசறைக்குச் சற்று முன்னே ஒரு வளைவு. தூறல் விழுந்து தாரின்மேல் எண்ணெய்போல ஓர் ஈரம் படர்ந்திருந்தது. மணிக்கு 45 கிலோமீற்றருக்கு மேல் நாம் செல்லவில்லை. எதிரே ஒரு லொறி திரும்பிற்று. முன் பிறேக்கை அழுத்தினோம். அடுத்த கணம் வண்டி ஒரு பக்கமும் நாம் ஒரு பக்கமுமாகக் கிடந்தோம். எமக்குக் கைகளில் சிராய்ப்பு. எழுந்து திரும்பிப் பார்த்தபொழுது அவர் வீதியோரத்தில் அமர்ந்து, வலக்கையை இடக்கையால் தாங்கிக்கொண்டிருந்தார். காறையெலும்பு முறிந்திருந்தது.

பதுளை வைத்தியசாலைக்கு அன்றிரவே அவருடைய தாயார் வந்தார். கொழுந்து பறித்த கை. கொண்டை முடியவும் நேரமின்றி ஓடிவந்த கோலம். மகனைக் காணுமுன் வாயிலில் எம்மைக் கண்டு, 'ஐயாவுக்கு ஒன்னும் ஆகலைங்களே?' என்று கேட்டார். எமது வாழ்நாளில் யாரும் எம்மைக் கேட்ட வினாக்களுள் விடையளிக்க இயலாது நின்றது அதுவொன்றே. ரயரைத் தெரிந்தவர் நாம். எச்சரிக்கையைக் கேளாதவர் நாம். எலும்பு முறிந்தவர் அவருடைய மகன்.

பரீட்சைக்கு ஏறத்தாழ ஐந்து கிழமைகள் இருந்தன. கரும்பலகையில் எழுதும் கையே கட்டுண்டமையால், அந்தப் பதினொரு பிள்ளைகளுக்கும் நாம் சென்று பாடம் நடத்தினோம். அது கைம்மாறும் அன்று, பெருந்தன்மையும் அன்று, கடன். அவர் முன்வரிசையில் மாணவர்களோடு அமர்ந்து, நாம் தடுமாறிய இடங்களில் மெல்லத் திருத்தினார். அக்கிழமைகளில் ஓரிரவு, பழைய சிவப்பு மை எம் நினைவில் வந்தது. எவ்விரண்டுக்கு இடையில்? 'நல்ல பிடிப்புள்ள ரயர்' என்று எண்ணியே பணம் கொடுத்தோம். எதனோடு பிடிப்பு என்று எம்மை நாமே கேட்கவில்லை. பள்ளியில் அரைப் புள்ளி இழந்த அதே பிழையை வீதியில் செய்திருந்தோம்.

பிழையின் காரணத்தை மாணவர் பொருட்டுச் சிறிது விளக்குதல் தகும். உராய்வு தொடும் பரப்பின் அளவைப் பொறுத்ததன்று என்பது 1699இல் பிரான்சிய அறிஞர் அமொந்தோன் எடுத்துரைத்த பழைய விதி. மரத்துக்கும் உலோகத்துக்கும் அது பெரும்பாலும் பொருந்தும். ரப்பர் அதற்கு அடங்குவதில்லை. மென்மையான அப்பொருள் தாரின் நுண்ணிய மேடு பள்ளங்களுக்குள் அமிழ்ந்து ஒட்டிக்கொள்வது. ஆகவே தாரில், தொடும் ரப்பர் மிகுந்தால் பிடிப்பும் மிகும். மழைநீர் வெளியேற ஒடுங்கிய பள்ளங்கள் சில இருந்தாற் போதும். கட்டை ரயரிலோ தரையைத் தொடும் ரப்பர் சிறிது. உயர்ந்த கட்டைகள் பிறேக்கிடும்பொழுதும் சாயும்பொழுதும் வளைந்து நெளியும். கிறவலில் நிலைமை நேர்மாறானது. அங்கே ரப்பர் கல்லைப் பற்றினாலும் கல் தரையைப் பற்றுவதில்லை. கல்லைக் கடந்து உள்ளே கடிக்கக் கூரிய விளிம்பு வேண்டும். சேற்றை வெளியேற்ற அகன்ற இடைவெளி வேண்டும். ஒன்றுக்கு ஆகும் குணமே மற்றொன்றுக்குக் குற்றம். இரண்டிலும் முதன்மை பெறும் ரயர் உலகில் எங்கும் செய்யப்படவில்லை, செய்யவும் இயலாது. எனவே நல்ல ரயர் எது என்று கேட்பது பயனற்றது. எமது பாதை எது என்பதே கேள்வி.

அக்கேள்விக்கு விடை காணும் வழி எளிது, அளத்தல். ஒரு கிழமை முழுவதும் சட்டைப்பையில் சிறு கொப்பியொன்றை வைத்து, வீதி மாறுமிடந்தோறும் வண்டியின் தூரமானியைக் குறித்தோம். மொத்தம் 212 கிலோமீற்றர். அதில் தார் 139. கிறவலும் மண்ணும் 58. கருங்கல்லும் கொங்கிறீற்றும் 15. அளக்குமுன் எம்மைக் கேட்டிருந்தால் பாதிக்கு மேல் கிறவல் என்றே சத்தியம் செய்திருப்போம். துன்பப்பட்ட தூரம் மனத்தில் நீளும். சுகமாகச் சென்ற தூரம் மனத்தில் குறுகும். தூரமானிக்கு அம்மயக்கம் இல்லை.

அளவோடு வேகத்தையும் சேர்த்து எண்ணவேண்டும். கிறவலில் நாம் மணிக்கு 15 கிலோமீற்றரில் ஊர்வோம். தாரில் 45இல் செல்வோம். வேகம் மும்மடங்காயின் இயக்கசக்தி ஒன்பது மடங்கு என்பது வகுப்பிலே படித்ததன்றோ! கிறவலில் ரயர் கைவிட்டால் முழங்காலோடு போகும்; தாரில் கைவிட்டால் எலும்போடு போகும். ஆகவே தாரில், அதுவும் மழைத்தாரில், எம்மைக் கைவிடாத ரயரே முதலில் வேண்டும்; கிறவலில் அது ஒப்பேறினாற் போதும் என்று முடிவு செய்தோம்.

அதே கடைக்கு, அதே தொழிலாளியிடம் மீண்டும் சென்றோம். இம்முறை அவர் பேச, நாம் கேட்டோம். நடுவிலே ரப்பர் நெருக்கமாகவும், தோள்ப்புறத்தில் இடைவெளி சற்று விரிந்தும் உள்ள இடைத்தர வகையைத் தெரிந்தோம். விற்போர் இவற்றை வீதிக்கு எண்பது, காட்டுக்கு இருபது என்றாற்போலப் பங்கு கூறுவர். அஃது உற்பத்தியாளரின் மதிப்பேயன்றி எல்லார்க்கும் பொதுவான அளவுகோல் அன்று. கண்ணால் பார்த்தே துணிதல் வேண்டும். முன்சக்கரத்துக்குச் செலவிடத் தயங்கலாகாது. வண்டியைத் திருப்புவது அது; பிறேக்கிடும்பொழுது பாரத்தின் பெரும்பகுதி சாய்வதும் அதன்மேலேதான். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் திருத்திக்கொள்ளலாம். முன்சக்கரம் வழுக்கினால் திருத்த அவகாசம் இல்லை.

ரயரின் பக்கச் சுவரை ஏடுபோல வாசிக்கவும் அன்றுதான் கற்றோம். 90/90–18 என்றிருந்தால் அகலம் 90 மில்லிமீற்றர். உயரம் அதில் நூற்றுக்குத் தொண்ணூறு, அஃதாவது 81 மில்லிமீற்றர். சக்கரத்தின் விட்டம் 18 அங்குலம். அதனை அடுத்து 51 என்ற இலக்கம் இருப்பின் அது 195 கிலோகிராம் வரை தாங்கும். பின்னால் ஒருவரை ஏற்றுவோர் கவனிக்கவேண்டிய இலக்கம் இது. தனியே நான்கு இலக்கங்கள் ஒரு சிறு கூட்டுக்குள் இருக்கும். 2319 எனின் 2019ஆம் ஆண்டின் 23ஆம் கிழமையில் செய்தது. கடையில் ஆண்டுக்கணக்காகக் கிடந்த ரப்பர் இறுகிப்போகும். இறுகிய ரப்பர் ஈரத்தாரைப் பற்றாது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறியைப் பார்த்துப் பூட்டவேண்டும். புதிய ரயரின் மேற்பரப்பு வழவழப்பாக இருக்குமாதலால் முதல் 150 கிலோமீற்றர் வரை அடக்கமாக ஓட்டவேண்டும்.

காற்றும் ரயரின் ஒரு பாகமே. எமது வண்டிக்குக் கைந்நூல் விதித்தது முன்னே சதுர அங்குலத்துக்கு 25 இறாத்தல், பின்னே 28. இருவர் செல்வதாயின் பின்னே 33. கிறவலில் மூன்று நான்கு இறாத்தல் குறைத்தால் ரயர் அகன்று படிந்து பிடிப்புத் தரும். மேலும் குறைத்தால் கல்லுக்கும் றிம்முக்கும் இடையே ரியூப் நசுங்கிக் கிழியும். தாருக்குத் திரும்பியதும் மறவாமல் நிரப்பவேண்டும். ஆகவே கைப்பம்பும் ஒட்டுச் சாமான்களும் எமது பையில் புத்தகங்களோடு இடம்பெற்றன.

இவ்வளவுக்கும் மூலமான ரப்பர் எமது நாட்டுக்கு வந்த கதையும் நினைக்கத் தக்கது. 1876இல் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. 1888இல் டன்லப் காற்றடைத்த ரயரை ஆக்கினார். இன்று ஊவாவிலேயே மொனராகலைப் பக்கத்தில் ரப்பர் மரம் நிற்கிறது. ஆயினும் 2022இல் ரூபாவின் மதிப்பு வீழ்ந்தபொழுது, ரப்பர் விளையும் நாட்டிலும் ரயர் வாங்குதல் பலர்க்கு அரிதாயிற்று. மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று பெற்றோல் அளந்து கொடுக்கத் தொடங்கிய அந்நாட்களில், தேய்மானக் குறி தெரியும் அளவுக்கு மழித்த ரயரோடு ஆசிரியர் பலர் மலையேறினர். ஒரு ரயருக்கே பணம் இருந்தால் முன்சக்கரத்துக்கு வாங்குங்கள் என்பதே அவர்களுக்கு நாம் கூறிய ஆலோசனை.

பாதைகளும் மாறாமல் இருப்பதில்லை. நாம் ஓய்வு பெறும் காலத்தில், மடுல்சீமைப் பாடசாலைக்கு ஏறும் செம்மண் இறக்கத்தின் ஒரு பகுதிக்குக் கொங்கிறீற் இட்டிருந்தனர். எமது கொப்பியின் கணக்கு அன்றோடு பழையதாயிற்று. அங்கே இப்பொழுது எந்த ரயர் நன்று என்று எம்மைக் கேட்டால், முன்பு சொன்னதையே சொல்லல் ஆகாது. மீண்டும் அளத்தல் வேண்டும்.

அந்த இளம் ஆசிரியர் இப்பொழுது ஒரு தோட்டப் பாடசாலையின் அதிபர். மழைக்காலத்தில் அவருடைய வலத்தோள் இன்னும் நோகும் என்று அவர் மனைவி சொல்லித்தான் அறிந்தோம். அவர் ஒருகாலும் சொன்னதில்லை. சென்ற ஆண்டு புதிய வண்டியொன்று வாங்கியபொழுது தொலைபேசியில் அழைத்து, 'சேர், என்ன ரயர் போடலாம்?' என்று கேட்டார். பெயர் எதுவும் சொல்லாமல், 'எந்த வீதிக்கு? பின்னால் யார் இருப்பார்கள்?' என்று கேட்டோம். சிறிது நேரம் பேச்சில்லை. பின்பு சிரித்து, 'மகளை ஏத்திக்கிட்டு ஸ்கூலுக்குப் போகணும் சேர். ஒரு கிழமை அளந்துட்டுச் சொல்றேன்' என்றார்.

இக்கல்லூரியில் நாம் கற்றவற்றுள் பலவற்றை மறந்தோம். கற்றதை மறந்ததன் விலையை வேறொருவர் கொடுத்தார். இன்று ஆய்வுகூடத்தில் கட்டையை இழுத்துக்கொண்டிருக்கும் தம்பிமார்க்கு நாம் கூறக்கூடியது ஒன்றே. ஓரத்தில் ஆசிரியர் எழுதும் சிறு வினாவை அரைப் புள்ளியாக எண்ணாதீர்கள். அத்தகைய வினாக்களைக் கேட்கும் ஆசிரியர்களை என்றும் உடையதாய் எங்கள் கல்லூரித் தாய் நீடு வாழ்க!